ஒரு பேருக்கு எத்தனை கிலோ? மலையகத் தோட்டச் சம்பள விவாதத்தின் பின்னணி

2025 நவம்பரில் இலங்கை நாடாளுமன்றத்தில் வரவு செலவுத் திட்டத்தை முன்வைத்த ஜனாதிபதி அநுர குமார திசாநாயக்க, தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளத்தை 1,350 ரூபாவிலிருந்து 1,550 ரூபாவாக உயர்த்துவதாகவும், அதற்கு மேல் நாளொன்றுக்கு 200 ரூபா வரவுக் கொடுப்பனவை, அதாவது வேலைக்கு வந்ததற்கான தொகையை, அரசே வழங்கும் என்றும் அறிவித்தார். இரண்டையும் கூட்டினால் 1,750 ரூபா. மறுநாள் தலைப்புச் செய்திகளில் இருந்தது அந்தக் கூட்டுத்தொகைதான். 620, 730, 750, 1,000, 1,700 என்று, தேயிலைத் தோட்டங்கள் நிறைந்த மலையகத்தின் கடந்த பன்னிரண்டு ஆண்டு அரசியலை வெறும் எண்களை வைத்தே எழுதிவிடலாம். ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு போராட்டமும் ஒரு மேடை வாக்குறுதியும் உண்டு. ஆனால் மாதம் முடிந்து கைக்கு வரும் பணம் அந்த எண்ணோடு ஒத்துப்போவது அரிது. நாட்சம்பளம் எவ்வளவு என்பதைக் கொழும்பு முடிவுசெய்கிறது. எதை ஒரு நாள் வேலையாகக் கணக்கில் எடுப்பது என்பதைத் தோட்டம் முடிவுசெய்கிறது. சம்பளச் சண்டையின் பெரும்பகுதி இந்த இரண்டாவது முடிவில்தான் அடங்கியிருக்கிறது.

காலையில் பிரட்டுக்களத்தில் ஆள் கணக்கெடுத்து மலைக்கு அனுப்புகிறார்கள். கொழுந்தெடுக்கும் பெண் அன்றைக்கு எடுக்க வேண்டிய கிலோ அளவு ஒன்று தோட்டத்தில் நிர்ணயிக்கப்பட்டிருக்கும். அதை எட்டினால் அவருக்கு ஒரு ‘பேர்’ விழும், அதாவது முழு நாட்சம்பளம் உண்டு. எட்டாவிட்டால் பல தோட்டங்களில் அரைப்பேர்தான். இந்த அளவு எந்தச் சட்டத்திலும் ஒரே எண்ணாக எழுதப்படவில்லை. ஒரு தோட்டத்தில் 16 கிலோ, அடுத்த தோட்டத்தில் 18, இன்னொன்றில் 20 என்று மாறும். மழைக்காலத்துக்கும் வெயில் காலத்துக்கும் மாறும். துரை, அதாவது தோட்ட நிருவாகி, மாறினாலும் மாறும். நாளில் இரண்டு மூன்று முறை கொழுந்து நிறுக்கப்படும்போது, சாக்கின் எடைக்காகவும் இலையின் ஈரத்துக்காகவும் கிலோக் கணக்கில் கழித்துவிட்டு மிச்சத்தைத்தான் பதிவார்கள். தராசு 19 காட்டினாலும் எடைத் துண்டுச்சீட்டில் 16 என்று விழுவது அப்படித்தான். அந்த மூன்று கிலோ முழுப்பேரை அரைப்பேராக்கிவிடக்கூடியது; அன்றைய சம்பளத்தில் பாதி அதில் தங்கியிருக்கிறது.

இத்தனைக்கும் சம்பளச் சட்டம் இந்தத் தொழிலுக்குப் புதியதல்ல. இந்தியத் தொழிலாளருக்கான குறைந்தபட்சச் சம்பளச் சட்டம் 1927இலேயே இலங்கையில் இயற்றப்பட்டது. இந்தியாவில் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் வந்தது 1948இல் என்பதை நினைத்தால், தமிழகத்தில் இருந்த உறவினரைவிடத் தோட்டத்துக்குப் போனவருக்கு இருபது ஆண்டு முன்பே சட்டப் பாதுகாப்பு கிடைத்தது என்று சொல்லத் தோன்றும். அது ஒருவகையில் உண்மை. ஆனால் அந்தச் சட்டத்தைப் பிறப்பித்தது இரக்கமல்ல. ஆட்களை அனுப்பிக்கொண்டிருந்த இந்திய அரசின் அழுத்தமும், ஆள் வரத்து நின்றுவிடக்கூடாதே என்ற தோட்டத்துரைமாரின் கவலையும்தான். மலைநாடு, இடைநாடு, தாழ்நாடு என்று பிரதேசவாரியாகச் சம்பளம் பிரிக்கப்பட்டது. ஆணுக்கு ஒன்று, பெண்ணுக்கு அதைவிடக் குறைவாக ஒன்று, பிள்ளைக்கு அதிலும் குறைவாக ஒன்று என மூன்று விகிதங்கள் இருந்தன. சலுகை விலையில் அரிசியும் இந்த ஏற்பாட்டின் ஒரு பகுதி. கொழுந்தெடுப்பது பெரும்பாலும் பெண்கள் என்பதால், தொழிலின் முதுகெலும்பாக இருந்தவர்களுக்கே குறைந்த விகிதம் சட்டப்படி உறுதியாயிற்று. அந்த வேறுபாடு நீங்கி ஆணும் பெண்ணும் ஒரே நாட்சம்பளம் பெறுவதற்கு 1984 ஏப்ரல் வேலைநிறுத்தம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்டத்தில் சம்பள உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் நடந்தபோது பொலிஸார் சுட்டதில் கோவிந்தன் என்ற தொழிலாளி உயிரிழந்தார். மலையகத் தொழிற்சங்க வரலாறு அவரிடமிருந்துதான் தன் தியாகிகளின் பட்டியலைத் தொடங்குகிறது. அடுத்த ஆண்டு, 1941இல், சம்பள நிர்ணய சபைகள் கட்டளைச் சட்டம் வந்தது. முதலாளிமார், தொழிற்சங்கங்கள், அரசு நியமிக்கும் உறுப்பினர்கள் என மூன்று தரப்பும் அமர்ந்து ஒவ்வொரு தொழிலுக்கும் ஆகக்குறைந்த சம்பளத்தை முடிவுசெய்து, அரசின் அதிகாரபூர்வ அறிவிப்பு ஏடான வர்த்தமானியில் வெளியிடும் முறை அது. தேயிலைக்கும் இறப்பருக்கும் தனித்தனிச் சபைகள் உண்டு. அந்த முறை இன்றும் உயிரோடு இருக்கிறது. இடையில் சில பத்தாண்டுகள் மட்டும் அது பின்னுக்குத் தள்ளப்பட்டிருந்தது.

தள்ளியது கூட்டு ஒப்பந்தம். எழுபதுகளில் அரசுடைமையான தோட்டங்களின் நிருவாகம் 1992இல் பெருந்தோட்டக் கம்பனிகளிடம் கையளிக்கப்பட்டது. நிலம் அரசுக்குச் சொந்தம், குத்தகை கம்பனிகளுக்கு என்பது ஏற்பாடு. அதன்பின் முதலாளிமார் சம்மேளனமும், இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ், இலங்கைத் தேசிய தோட்டத் தொழிலாளர் சங்கம், பெருந்தோட்டத் தொழிற்சங்கக் கூட்டுக் கமிட்டி ஆகிய மூன்று தொழிற்சங்கத் தரப்புகளும் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பேசிக் கையெழுத்திட்டன. ஏனைய சங்கங்கள் வெளியே நின்று குறைசொல்ல, உள்ளே இருந்தவை கிடைத்ததைச் சாதனை என்றன.

இந்த ஒப்பந்தங்களைச் சற்று நெருங்கிப் பார்ப்பது பயனுள்ளது, ஏனெனில் எண்களை வைத்து விளையாடும் கலை முழுமை பெற்றது இங்கேதான். 2013 ஒப்பந்தத்தில் 620 ரூபா என்று சொல்லப்பட்டது. அதில் அடிப்படைச் சம்பளம் 450, வரவுக் கொடுப்பனவு 140, தேயிலை விலையில் பங்கு என்ற பெயரில் விலைப் பங்குக் கொடுப்பனவு 30. மாதத்தில் வேலை வழங்கப்பட்ட நாள்களில் 75 வீதத்துக்கு வந்திருந்தால்தான் 140 உண்டு. ஒரு வாரம் காய்ச்சலில் படுத்தாலே அந்த மாதம் முழுவதற்குமான கொடுப்பனவு போய்விடலாம். 2016இல் 730 ஆனது. அடிப்படை 500, வரவுக்கு 60, உற்பத்தித்திறனுக்கு 140, விலைப் பங்கு 30. மேலோட்டமாகப் பார்ப்பவருக்கு 110 ரூபா உயர்வு. உள்ளே நடந்தது என்னவென்றால், முன்பு வேலைக்கு வந்தாலே கிடைத்த தொகையில் பெரும்பகுதி இப்போது கிலோ எடுத்தால்தான் என்று ஆனது. அடிப்படையில் கூடியது 50 ரூபாதான். ஊழியர் சேமலாப நிதிக்குத் தொழில்தருநர் செலுத்தும் 12 வீதமும், நம்பிக்கை நிதிக்கான 3 வீதமும், பணிக்கொடையும் அடிப்படையை வைத்தே கணக்கிடப்படுவதால், கொடுப்பனவாகத் தரப்படும் ஒவ்வொரு ரூபாவும் ஓய்வுகாலத்துக்கு ஒன்றும் சேர்க்காத ரூபா.

2019 ஜனவரி ஒப்பந்தம் இதற்கு நேரெதிர் திசையில் போனது. வரவு, உற்பத்தித்திறன் கொடுப்பனவுகள் நீக்கப்பட்டு அடிப்படை 700, விலைப் பங்கு 50 என 750 ஆக நின்றது. 1,000 ரூபா அடிப்படைச் சம்பளம் கேட்டு 2018இன் கடைசி மாதங்களில் தோட்டங்களிலும், கறுப்பு உடையணிந்து கொழும்பு காலிமுகத்திடலிலும் திரண்டவர்களுக்கு 750 என்பது ஏமாற்றம்தான். கணக்குப்படி பார்த்தால், நாள் தவறாமல் வந்து கிலோவும் எட்டிய பெண்ணுக்கு இந்த ஒப்பந்தம் கூட்டிக்கொடுத்தது 20 ரூபா. வரவும் கிலோவும் எட்டாதவருக்கோ 530 ரூபா 750 ஆயிற்று. சேமலாப நிதிக் கணக்கில் எல்லாருக்கும் இலாபம். நல்ல மாற்றமா கெட்ட மாற்றமா என்று ஒரே சொல்லில் விடைசொல்ல முடியாது. என் கணிப்பில், எண் சிறியதாக இருந்தாலும் அமைப்பு அளவில் அதுவே முந்தைய இரண்டையும்விட நேர்மையான ஒப்பந்தம். அதைக் களத்தில் எடுத்துச்சொல்லி விளக்கும் அக்கறை கையெழுத்திட்ட சங்கங்களுக்கு இருக்கவில்லை என்பது வேறு விடயம்.

1,000 ரூபா கடைசியில் பேச்சுவார்த்தையால் வரவில்லை. கோட்டாபய ராஜபக்ஷ தேர்தலில் அளித்த வாக்குறுதி இழுபட்டு, கம்பனிகள் ஒத்துக்கொள்ளாத நிலையில், 2021 மார்ச்சில் சம்பள நிர்ணய சபையின் ஊடாக 900 ரூபா சம்பளம், 100 ரூபா வரவு செலவுத் திட்டக் கொடுப்பனவு என்று வர்த்தமானியில் வெளியானது. நியமன உறுப்பினர்கள் தொழிற்சங்கங்களின் பக்கம் நின்றதால் முதலாளிமாரின் எதிர்ப்பு எடுபடவில்லை. மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்குச் சென்ற கம்பனிகளுக்கு இடைக்காலத் தடை கிடைக்கவில்லை. அவை கூட்டு ஒப்பந்தத்திலிருந்தும் விலகிக்கொண்டன. சம்பளத்தை அரசு தீர்மானிப்பதென்றால் மற்ற எதையும் நாங்கள் பேசித் தீர்மானிக்க வேண்டியதில்லை என்பது அவற்றின் நிலைப்பாடு.

வெளியே இதை வெற்றி என்று கொண்டாடியபோது உள்ளே இழந்தது என்ன என்பது சில மாதங்களில் தெரியத் தொடங்கியது. கூட்டு ஒப்பந்தம் வெறும் சம்பளப் பத்திரமல்ல. வேலை நாள்கள், தொழில் நிபந்தனைகள், பிணக்குகளைத் தீர்க்கும் வழி எல்லாம் அதில் இருந்தன. கிலோ அளவு என்பதே தோட்டத்தின் தொழிற்சங்கத் தலைவரும் துரையும் பேசி ஒத்துக்கொள்ளும் விடயமாக இருந்து வந்தது. ஒப்பந்தம் போனதும் அளவை ஒருதலையாக 20 கிலோவுக்கு உயர்த்துவது, அதை எட்டாதவருக்கு அரைப்பேர் போடுவது அல்லது எடுத்த கிலோவுக்கு மட்டும் காசு கொடுப்பது, வாரத்தில் மூன்று நான்கு நாள் மட்டும் வேலை வழங்குவது எனப் பல தோட்டங்களிலிருந்து முறைப்பாடுகள் வந்தன. சங்கச் சந்தாவைச் சம்பளத்தில் கழித்துச் சங்கத்துக்கு அனுப்பும் வழக்கமும் நிறுத்தப்பட்டதால், தட்டிக்கேட்க வேண்டிய அமைப்புகளின் வருமானமும் சேர்ந்தே அடிபட்டது. போதாக்குறைக்கு அதே ஆண்டு அரசு இரசாயன உரத்துக்குத் தடை விதித்தது. உரமில்லாத செடியில் கொழுந்து குறையும் நேரத்தில் கிலோ அளவு மட்டும் கூடிக்கொண்டிருந்தது. துப்புரவு செய்யாத மலைகளில் புல் மண்டி, குளவிக் கொட்டுக்கும் அட்டைக்கும் நடுவே நின்று அந்த 20 கிலோவைத் தேட வேண்டியிருந்தது.

பிறகு 2022. மார்ச்சில் 200 ரூபாவாக இருந்த அமெரிக்க டொலர் மே மாதத்தில் 360ஐத் தொட்டது; செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்படி பணவீக்கம் 70 வீதத்தை நெருங்கியது. அறிவிக்கப்பட்டபோது ஐந்து டொலர் பெறுமதியாக இருந்த நாட்சம்பளம் மூன்று டொலருக்கும் கீழே இறங்கியது. தேயிலையோ டொலருக்கு விற்கப்படும் பண்டம் என்பதால், கொழும்பு ஏலத்தில் சராசரி ரூபா விலை முந்திய ஆண்டைவிட ஏறக்குறைய இரண்டு மடங்காயிற்று. உற்பத்தி வீழ்ந்ததும், உரம், எரிபொருள், மின்சாரம் எல்லாம் விலை ஏறியதும் உண்மைதான்; அந்த உயர்வு முழுவதும் இலாபமாகக் கம்பனிகளிடம் தங்கிவிட்டது என்று சொல்வது பிழை. ஆனாலும் 2021 மார்ச்சில் நிர்ணயித்த 1,000 ரூபா, நாட்டின் வரலாற்றிலேயே மிக மோசமான விலையேற்றத்தை அப்படியே தாண்டி, 2024 செப்டெம்பர் வரை மாறாமல் இருந்தது. விலைவாசிக்கேற்பத் தானாக உயரும் ஏற்பாடு எதுவும் இல்லாத சம்பளத்துக்கு நேரக்கூடியது இதுதான்.

கம்பனிகளின் வாதத்தையும் உரிய எடையோடு பார்க்க வேண்டும். தேயிலை உற்பத்திச் செலவில் மிகப் பெரிய பங்கு சம்பளம். ஏல விலையைக் கம்பனி நிர்ணயிப்பதில்லை. கென்யாவில் ஓர் ஆள் எடுக்கும் கொழுந்து இலங்கையில் எடுப்பதைவிட மிகக் கூடுதல். நாட்டின் தேயிலையில் பெரும்பகுதியை இன்று உற்பத்தி செய்வது காலி, மாத்தறை, இரத்தினபுரிப் பக்கத்துச் சிறுதோட்டக்காரர்கள், அவர்களுக்கு லயம் எனப்படும் தொழிலாளர் வரிசை வீடுகள், பிள்ளைப் பராமரிப்பு நிலையம், சேமலாப நிதி போன்ற செலவுகள் இல்லை. இவற்றில் ஒன்றும் பொய்யில்லை. ஆனால் ஒரு பெண் நாளில் எத்தனை கிலோ எடுக்கிறார் என்பது அவருடைய விரல் வேகத்தை மட்டும் பொறுத்ததல்ல. நூறு ஆண்டு பழைய விதைச் செடியிலும், மறுநடுகை செய்த நல்ல இனச் செடியிலும் ஒரே அளவு கொழுந்து கிடைக்காது. மறுநடுகைக்குப் பணம் போட வேண்டியவர் குத்தகைக்காரர். 2045இல் முடியும் குத்தகையில், பல ஆண்டு கழித்துப் பலன்தரும் செடிக்கு முதலிடக் கம்பனிகள் தயங்குவது வியாபாரக் கணக்கில் புரிந்துகொள்ளக்கூடியதே. அந்தத் தயக்கத்தின் விலையைக் கிலோ அளவாக மாற்றித் தொழிலாளியின் துண்டில் எழுதும் இடத்தில்தான் வாதம் வழுக்குகிறது.

இனி ஒரு கணக்கு. தேசிய ஆகக்குறைந்த வேதனச் சட்டம் 2016இல் இலங்கையில் வந்தபோது மாதச் சம்பளம் 10,000, நாட்சம்பளம் 400 என்று வகுத்தது. பின்னர் 12,500க்கு 500, 17,500க்கு 700, 2025 ஏப்ரலில் 27,000க்கு 1,080 எனத் திருத்தப்பட்டது. எந்த இணையை வகுத்துப் பார்த்தாலும் 25 வரும். சட்டத்தை எழுதியவர்களின் மனத்தில் மாதம் என்றால் 25 நாள் வேலை. 2025இல் இருந்த தோட்டச் சம்பளமான 1,350, அப்போதைய தேசிய நாட்சம்பளமான 1,080ஐவிட நன்றாகவே கூடுதல். ஆகவே ‘தோட்டத் தொழிலாளிக்கு மற்றவரைவிட அதிகம்தானே’ என்று தொலைக்காட்சி விவாதங்களில் சொல்வார்கள். அந்த ஆண்டின் தேசிய மாதச் சம்பளமான 27,000ஐத் தோட்டத் தொழிலாளி தொட வேண்டுமென்றால் 20 முழுப்பேர் விழ வேண்டும். ஒரு மாதத்தில் 18 நாள் வேலை கிடைத்து, அதில் 13 முழுப்பேர், 5 அரைப்பேர் என்று வைத்துக்கொள்வோம்: 17,550உம் 3,375உம் சேர்ந்து 20,925 ரூபா. சேமலாப நிதிக்கு அவருடைய பங்கு 8 வீதம் கழிந்தால் 19,251. பிறகு தீபாவளி முற்பணம், தேயிலைத் தூள், கோயில் காசு, கடன் தவணை என்று சம்பளச் சிட்டையில் வரிசையாகக் கழியும். வர்த்தமானி அறிவித்த நாட்சம்பளத்தில் ஒரு சதமும் குறைக்காமலேயே தேசிய ஆகக்குறைந்த மாதச் சம்பளத்துக்குக் கீழே ஒருவரை வைத்திருக்க முடியும் என்பதுதான் இந்தக் கணக்கு காட்டுவது. சட்டம் மீறப்படவில்லை, மாதம் மட்டும் குறுகிவிட்டது.

குறைந்தபட்சக் கூலி, நியாயமான கூலி, வாழ்வதற்குப் போதிய கூலி என்ற மூன்று படிகளை 1948இலேயே இந்தியாவில் நியாயக் கூலிக் குழு பிரித்துப் பேசியது. 1957இல் கூடிய 15ஆவது இந்தியத் தொழிலாளர் மாநாடு, ஒருவருக்கு 2,700 கலோரி உணவு, குடும்பத்துக்கு ஆண்டுக்கு 72 கெஜம் துணி, வீட்டு வாடகை, எரிபொருள் என்று கூட்டிக் குறைந்தபட்சக் கூலியைக் கணக்கிட ஒரு வாய்பாட்டையே தந்தது. நடைமுறையில் மாநிலங்கள் அதை எவ்வளவு பின்பற்றின என்பது வேறு கதை. குறைந்தது எதை வைத்துக் கேட்பது, எதை வைத்து மறுப்பது என்பதற்கு ஓர் அடிப்படை கிடைத்தது. மலையகத்தின் 1,000, 1,700 போன்ற எண்களுக்கு அப்படி ஒரு வாய்பாடு கிடையாது. அவை மேடையில் பிறந்து, சபையில் பேரம் பேசப்பட்டு, நீதிமன்றத்தில் அளக்கப்பட்டவை.

1,700 ரூபாவின் பயணம் அதற்குச் சரியான சான்று. ஜனாதிபதித் தேர்தல் நெருங்கிக்கொண்டிருந்த 2024இல், மே தினத்தன்று கொட்டகலையில் அப்போதைய ஜனாதிபதி ரணில் விக்கிரமசிங்க அதை அறிவித்தார். முந்திய நாள் வெளியான வர்த்தமானியில் 1,350 அடிப்படை, 350 உற்பத்தித்திறன் கொடுப்பனவு. கம்பனிகள் நீதிமன்றம் சென்றன. ஜூலையில் நாட்டின் மிக உயர்ந்த நீதிமன்றமான உயர் நீதிமன்றம் வர்த்தமானிக்கு இடைக்காலத் தடை விதித்தது. மீண்டும் சபை கூடி, செப்டெம்பரில் 1,350 மட்டும் நடைமுறைக்கு வந்தது. அடுத்த அரசும் 2025 வரவு செலவுத் திட்டத்தில் 1,700 என்றது; அந்த ஆண்டு முடியும்வரை அது எண்ணாகவே இருந்தது.

இந்தப் பின்னணியோடு பார்க்கும்போது 2026க்கு முன்மொழியப்பட்ட 1,750இல் கவனிக்க வேண்டியது 1,550க்குப் பின்னால் வரும் 200. வரவுக் கொடுப்பனவு என்ற பழைய பெயர், 2019இல் எடுத்துவிட்ட பெயர், இப்போது பொதுப் பணத்தில் திரும்பி வருகிறது. தனியார் கம்பனியின் தொழிலாளிக்கு அரசு நாள்தோறும் சம்பளத்தின் ஒரு பகுதியைக் கொடுப்பது சரியா என்ற கேள்வியை எழுப்பியவர்கள் உண்டு. இரு நூற்றாண்டாக அரசின் வருமானத்துக்கு உழைத்தவர்களுக்குத் தாமதமான ஈடு என்று அதை நியாயப்படுத்தலாம். கம்பனியின் பொறுப்பை வரி செலுத்துவோர் தலையில் ஏற்றுவது என்றும் குறைசொல்லலாம். நடைமுறைக் கேள்வி வேறு: வேலைக்கு வந்தால் 200 என்றால், வேலை வழங்கப்படாத நாளில் என்ன? வேலையைத் தருவதா இல்லையா என்று காலையில் முடிவுசெய்பவர் தோட்ட நிருவாகி. அரசின் 200உம் அவருடைய முடிவின் வழியாகத்தான் போய்ச்சேர வேண்டும்.

கம்பனிகள் நீண்ட காலமாக முன்வைத்து வரும் மாற்று, நாட்சம்பளத்தையே விட்டுவிடும் வருமானப் பகிர்வு முறை. தோட்டத்தில் ஒரு பகுதிச் செடிகளைக் குடும்பத்திடம் ஒப்படைத்து, பராமரிப்பும் கொழுந்தெடுப்பும் அவர்களுடையதாக்கி, கொழுந்தின் விலையில் பங்கு கொடுப்பது. நேரக் கட்டுப்பாடு இல்லை, வீட்டார் சேர்ந்து உழைத்தால் வருமானம் கூடும் என்பது அதன் கவர்ச்சி, சில குடும்பங்கள் அதில் கூடுதலாகச் சம்பாதிக்கவும் செய்யலாம். ஆனால் அந்த நிலத்தில் அவர்களுக்கு உரிமைப் பத்திரம் கிடையாது. ஏலத்தில் விலை விழுந்தால், மழை பொய்த்தால், உரம் கிடைக்காவிட்டால் நட்டம் அவர்களுடையது. தொழிலாளி என்ற உறவே எழுத்தில் இல்லாது போனால் சேமலாப நிதி, மகப்பேற்றுச் சம்பளம், பணிக்கொடை ஆகியவற்றோடு சம்பள நிர்ணய சபையின் வர்த்தமானியும் அவர்களைத் தொடாது. 1992இல் மூன்று இலட்சத்துக்கு மேலிருந்த கம்பனித் தோட்டத் தொழிலாளர் தொகை இன்று ஒன்றரை இலட்சத்துக்கும் கீழே இறங்கிவிட்டது. மிஞ்சியிருப்பவர்களில் எத்தனை பேர் பிரட்டில் பெயர் உள்ளவர்களாக இருப்பார்கள், எத்தனை பேர் எடுத்த கிலோவுக்கு மட்டும் கிடைக்கும் கைக்காசுக்கும் வருமானப் பங்குக்கும் மாறுவார்கள் என்பதைப் பொறுத்தே அடுத்த வர்த்தமானியில் வரும் எண் யாருக்குச் செல்லுபடியாகும் என்பது அமையும். இப்போதைக்குச் சபையிடம் சங்கங்கள் கேட்கக்கூடியது இரண்டு: கிலோ அளவையும் கழிவையும் தோட்டம்தோறும் எழுத்தில் நிர்ணயித்து வெளியிடுவது, மாதத்துக்கு இத்தனை நாள் வேலை என்று உறுதிசெய்து வழங்காத நாளுக்கும் சம்பளத்தில் ஒரு பகுதியைக் கட்டாயமாக்குவது. இரண்டில் எதுவும் இதுவரை எந்த மே தின மேடையிலும் பெரிய எழுத்தில் எழுதப்படவில்லை.